டபரா நிக்குமா, டிபன் கேரியர் உட்காருமா? எலெக்ட்ரிக் கார் ஷோரூமுக்கு ஒரு பையோடு போனோம்!

எலெக்ட்ரிக் கார் வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், நம் ஊரில் வந்து விழுகிற முதல் கேள்வி, ‘ஒரு சார்ஜுக்கு எவ்ளோ கிலோமீட்டர் ஓடும்?’ இரண்டாவது, ‘பேட்டரி போயிடுச்சுன்னா எவ்ளோ செலவாகும்?’ என் சித்தி கேட்ட முதல் கேள்வி வேறு. “ஏண்டி, இதுல தண்ணி பாட்டிலை எங்க வைக்கிறது?”

சிரிக்காதீர்கள். சித்தி வீடு கூடுவாஞ்சேரியில். வாரத்துக்கு இரண்டு நாள் மாமியாரை டயாலிசிஸுக்குச் சென்னைக்குள் அழைத்துப் போவது அவர்தான். காரை ஓட்டுவதும் அவரேதான். பாட்டிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று டாக்டர் அளந்து கொடுத்திருக்கிறார். அதை ஒரு அரை லிட்டர் பாட்டிலில் ஊற்றிக் கையில் கொடுத்துவிடுவார் சித்தி. அந்த பாட்டில் பாட்டியின் கைக்கு எட்ட வேண்டும், இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கண்ணுக்கும் தெரிய வேண்டும். சித்தியின் பழைய பெட்ரோல் காரில் பின் சீட்டுக்காரர்களுக்கு பாட்டில் வைக்க உருப்படியான இடமே கிடையாது. ஒருநாள் ஜி.எஸ்.டி ரோட்டில் முன்னால் போன பஸ் சட்டென்று நிற்க, சித்தி பிரேக்கை மிதிக்க, பின்னால் இருந்த பாட்டில் சீட்டுக்கு அடியில் உருண்டு டிரைவர் கால் பக்கம் வந்துவிட்டது. பிரேக் பெடலுக்குப் பின்னால் போய்ச் சிக்குவதற்குள் காலால் தள்ளிவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால், அதற்குப் பிறகு கார் என்றாலே அவருக்கு முதலில் தோன்றுவது பாட்டில்தான்.

ஆகவே, எந்தக் காரில் எதை எங்கே வைக்கலாம் என்பதுதான் இந்த வாரம். பைசா விவரமும் ரேஞ்ச் விவரமும் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. இதைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

இடம் எங்கிருந்து வந்தது?

எலெக்ட்ரிக் காரில் சாமான் வைக்கக் கூடுதல் இடம் கிடைக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் எல்லா எலெக்ட்ரிக் காருக்கும் அல்ல. பெட்ரோல், டீசல் கார்களில் இன்ஜினில் இருந்து பின்னால் போகிற புகைக் குழாய்க்காகத் தரையின் நடுவே ஒரு மேடு இருக்கும். பின் சக்கரத்தால் ஓடுகிற காராக இருந்தால் அந்த மேடு இன்னும் பெரிது. முன் சீட்டுகளுக்கு நடுவே கியர் லீவர், அதற்குப் பக்கத்தில் கையால் இழுக்கிற ஹேண்ட் பிரேக். இவை எல்லாம் போன பிறகு மிச்சம் இருக்கும் இடத்தில்தான் நம் டீ கப்.

எலெக்ட்ரிக் காரில் புகைக் குழாய் இல்லை. கியர் என்பது ஒரு சுவிட்ச், அதை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக்கிலும் எம்.ஜி வின்ட்ஸரிலும் அதை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வைப்பர் லீவர் மாதிரி வைத்துவிட்டார்கள். அதனால் இரண்டு சீட்டுக்கும் நடுவே இடம் காலியாகிறது. ஹேண்ட் பிரேக்கும் பல கார்களில் பட்டனாக மாறிவிட்டது.

இதை முழுதாகப் பயன்படுத்திக்கொண்ட கார் என்றால் ஹூண்டாய் அயோனிக் 5. நம் ஸ்ரீபெரும்புதூரில்தான் அசெம்பிள் ஆகிறது. 2023 ஜனவரியில் இந்தியாவில் விலை அறிவித்தார்கள். அதன் தரை சமதளம். நடுவில் இருக்கும் கன்சோல் பெட்டி 140 மில்லிமீட்டர் முன்னும் பின்னும் நகரும். முன்னால் இருப்பவர் தள்ளிவிட்டால், பின்னால் இருப்பவருக்கு கப் ஹோல்டர் கையருகே வந்துவிடும். க்ளவ் பாக்ஸ்கூட மூடி திறந்து தொடையில் இடிக்காமல், மேஜை டிராயர் மாதிரி வெளியே வருகிறது. விலை அரைக் கோடியைத் தொடுவதால் சித்தி அந்தப் பக்கமே திரும்பவில்லை என்பது வேறு விஷயம். ஆனால், இந்த யோசனை சின்ன கார்களுக்கும் வர வேண்டும். நகர்கிற பிளாஸ்டிக் பெட்டிக்கு அப்படி என்ன பெரிய செலவு?

பெட்ரோல் காராகப் பிறந்து பிறகு பேட்டரி பொருத்தப்பட்ட கார்களில் கதை வேறு. பழைய உடம்பிலேயே வேலை பார்த்திருப்பார்கள். தரை மேடு அப்படியே இருக்கலாம், பேட்டரிக்காகத் தரை கொஞ்சம் உயர்ந்திருக்கலாம். பின் சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் தூக்கிக்கொண்டு நிற்கும். அரை மணி நேரப் பயணத்துக்குத் தெரியாது. மதுரை வரை போனால் தொடை சொல்லும்.

அமெரிக்க காபி, பிரெஞ்சு ரொட்டி, நம்ம ஊர் டபரா

கப் ஹோல்டர் என்பதே நமக்கு இறக்குமதிச் சரக்கு. டிரைவ்-இன்னில் பெரிய கப்பில் காபி வாங்கி ஓட்டிக்கொண்டே குடிக்கிற அமெரிக்கர்களுக்காக வளர்ந்த விஷயம் அது. எண்பதுகளில் கிரைஸ்லர் நிறுவனத்தின் குடும்ப வேன்கள் வந்தபோதுதான் அது காரின் இயல்பான உறுப்பாக ஆனது. 2019 மாடல் சுபாரு அசென்ட் என்கிற எட்டு சீட் பெட்ரோல் காரில் 19 கப் ஹோல்டர்கள். ஆளுக்கு இரண்டுக்கும் மேல்!

அதே அமெரிக்காவில் 2012-ல் வந்த டெஸ்லா மாடல் எஸ் எதிர்த் திசையில் போனது. முன் சீட்டுகளுக்கு நடுவே வெறும் தரைத் தட்டு. கதவில் பை கிடையாது. பின் சீட்டுக்கு கப் ஹோல்டரே கிடையாது. அத்தனை விலை கொடுத்து வாங்கியவர்கள், வெளிக் கடைகளில் கன்சோல் பெட்டி வாங்கி அந்தத் தட்டில் பொருத்திக்கொண்டார்கள். ‘எதிர்காலத்தின் கார்’ என்று உலகமே பேசிய காரில் பர்ஸ் வைக்க இடமில்லை. பின்னால் வந்த மாடல்களில் டெஸ்லா அதைச் சரிசெய்தது.

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பழக்கம். ரெனோ 5 எலெக்ட்ரிக்கில் பிரெஞ்சுக்காரர்களின் நீள ரொட்டியை வைக்க ஒரு பிரம்புக் கூடையை ஆக்ஸசரியாகத் தருகிறார்கள். நிஜமாகத்தான்! ஃபோக்ஸ்வாகன் ஐ.டி. பஸ் வேனின் நடுப்பெட்டியைக் கழற்றி எடுக்கலாம், அதில் பாட்டில் ஓப்பனரும் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டும் தகடும் உண்டு. ஸ்கோடா கார்களில் கதவுக்குள் குடை செருகிவைக்க ஒரு குழாய் இருக்கும். கப் ஹோல்டரின் அடியில் சின்னச் சின்ன முட்கள் மாதிரி வைத்திருப்பார்கள். பாட்டிலின் அடிப்பாகத்தை அது பிடித்துக்கொள்ள, ஒரே கையால் மூடியைத் திருகிவிடலாம். பி.ஒய்.டி ஆட்டோ 3 காரின் கதவுப் பைக்குத் தடுப்பாக மூன்று கம்பிகள், கிடார் மாதிரி. மீட்டினால் சத்தமும் வரும். பின் சீட்டில் வாண்டு இருக்கிற வீடென்றால் அந்தக் காரை வாங்கும் முன் நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்.

நமக்கு என்ன வேண்டும்? டபரா டம்ளரைக் காரில் வைத்துக் குடிப்பதில்லைதான். ஆனால் ரோட்டோரக் கடையில் டீ வாங்கினால், கையில் வருவது உள்ளங்கைக்குள் அடங்குகிற பேப்பர் கப். அமெரிக்க அளவில் செய்த கப் ஹோல்டரில் அதை வைத்தால் கிணற்றுக்குள் விழுந்த வாளி மாதிரி அடியில் போய் உட்காரும், எடுக்க இரண்டு விரலைச் சூட்டுக்குள் விட வேண்டும். மறுபக்கம், வீட்டில் இருந்து கொண்டுபோகும் ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில் அதில் இறங்கவே இறங்காது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு கப்புக்காகத்தான் அந்த ஓட்டை. உள்பக்கம் ஸ்பிரிங் வைத்த பிடிகள் இருந்தால் ஓரளவு சமாளிக்கும். ஷோரூமில் விரலை விட்டுப் பாருங்கள். பிடிகள் இருந்தால் கையில் தட்டுப்படும்.

டிபன் கேரியர், பூக்கூடை, தேங்காய் பழத் தட்டு, கோயில் பிரசாதம், குழந்தையின் வாந்திக் கவர், மருந்துப் பை… இதற்கெல்லாம் தனி இடம் எந்தக் கம்பெனி கேட்டலாகிலும் இல்லை. சில கார்களின் டிக்கியில் ஒரு கொக்கி இருக்கும். மளிகைப் பை மாட்டலாம். டிபன் கேரியர் சாயாமல் நிற்க அந்தக் கொக்கி போதும். சின்ன விஷயம், ஆனால் சாம்பார் கொட்டிய டிக்கியைக் கழுவியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பையைத் தூக்கிக்கொண்டு…

ஒரு சனிக்கிழமை சித்தியும் நானும் இரண்டு ஷோரூம்களுக்குப் போனோம். கையில் ஒரு கட்டைப் பை. அதற்குள் பாட்டியின் அரை லிட்டர் பாட்டில், ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில், ஃப்ளாஸ்க், மூன்றடுக்கு டிபன் கேரியர், மடக்குக் குடை, ஆஸ்பத்திரி ஃபைல். இன்னொரு கையில் மடக்கிய வீல்சேர். சேல்ஸ்மேன் தம்பி எங்களை ஒரு மாதிரி பார்த்தார். ஸ்கிரீன் சைஸ், சன்ரூஃப், ஆறு ஏர்பேக் என்று அவர் ஒப்பித்து முடிக்கும் வரை சித்தி பொறுமையாகக் கேட்டார். “சரிப்பா, கதவைத் திற.”

முதல் கார். முன்னால் இரண்டு கப் ஹோல்டர், கியர் திருகிக்குப் பக்கத்தில். அரை லிட்டர் பாட்டில் கச்சிதம். ஸ்டீல் பாட்டில் இறங்கவில்லை. கதவில் இருக்கும் பாட்டில் ஹோல்டரில் அது இறங்கியது. ஆனால், கதவை மூடிய பிறகு வெளியே எடுக்க முடியவில்லை, மேலே கை வைக்கும் மேடு இடித்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் காட்டினால் இதெல்லாம் தெரியாது. கதவை மூடி, பெல்ட் போட்டு, சீட்டை உங்கள் உயரத்துக்கு நகர்த்தி, அப்புறம் எடுத்துப் பாருங்கள்.

பின் சீட்டுக்கு வந்தோம். நடுவில் கை வைக்கும் பலகையை மடக்கி இறக்கினால் அதில் இரண்டு கப் ஹோல்டர். “பாருங்க மேடம், பாட்டிம்மாவுக்கு வசதி” என்றார் தம்பி. சித்தி கேட்டார், “பின்னாடி மூணு பேர் உட்கார்ந்தா?” தம்பியிடம் பதில் இல்லை. நம் குடும்பங்களில் பின் சீட்டில் மூன்று பேர் உட்காராத நாள் எது? மூன்றாவது ஆள் உட்கார்ந்ததும் அந்தப் பலகை முதுகுக்குப் பின்னால் போய்விடும், கப் ஹோல்டரும் சேர்ந்து போய்விடும். அப்போது பின் கதவில் இருக்கும் இடம்தான் மிச்சம். ஐந்து பேர் குடும்பம் என்றால் பின் கதவைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. அந்தக் காரின் பின் கதவில் பாட்டியின் பாட்டில் நின்றது. பாட்டி உட்காரும் இடத்தில் இருந்து கை எட்டியது, தண்ணீர் மட்டமும் தெரிந்தது.

இரண்டாவது காரில் கியர் ஸ்டீயரிங் பக்கம் போய்விட்டதால் நடுவில் தாராளம். கன்சோலுக்குக் கீழே ஒரு திறந்த தட்டு, சித்தியின் ஹேண்ட்பேக்கே உட்கார்ந்தது. ஆனால், தட்டின் விளிம்பில் தடுப்பு போதவில்லை. டெஸ்ட் டிரைவில் ஒரு யூ-டர்ன் எடுத்ததும் குடை வழுக்கி டிரைவர் கால் பக்கம் வந்தது. சித்தியின் முகத்தைப் பார்த்தேன். பேசவே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் பயமாக இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி, பத்தில் ஒரு நொடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் ஒரு கிலோ பாட்டிலை அதே நேரத்தில் பிடித்து நிறுத்த, சுமார் 14 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். பிடித்து நிறுத்த எதுவும் இல்லாவிட்டால், அது முன்னால் இருப்பவர் தலையைத் தேடிப் போகும். பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகையில் குடை, பொம்மை, பூஜை சாமான் என்று அடுக்கி வைப்பவர்கள் ஒருமுறை இதை யோசிக்கலாம்.

முன்னால் ஒரு டிக்கி

எலெக்ட்ரிக் கார்களில் புதிதாகக் கேட்கிற சொல் ‘ஃப்ரங்க்’. பானெட்டுக்குக் கீழே இன்ஜின் இல்லாத இடத்தில் சாமான் வைக்கும் பெட்டி. எல்லாருக்கும் இது கிடைத்துவிடாது. 2024 ஜனவரியில் வந்த டாடா பஞ்ச் எலெக்ட்ரிக்கில் 14 லிட்டர். கிரெட்டா எலெக்ட்ரிக்கில் 22 லிட்டர். அயோனிக் 5-ல் 57. மஹிந்திரா 2024 நவம்பரில் சென்னையில் வைத்து அறிமுகம் செய்த இரண்டு கார்களில், பி.இ 6-ல் 45 லிட்டர், எக்ஸ்.இ.வி 9இ-யில் 150 லிட்டர். வின்ட்ஸருக்கும் ஆட்டோ 3-க்கும் அது கிடையாது.

14 லிட்டரில் என்ன வைப்பது என்று கேட்கலாம். சார்ஜிங் கேபிள். அதுதான் பதில். வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் செருகும் கேபிள் பெட்டியை எங்கே போனாலும் கூடவே தூக்கிப் போக வேண்டும். டிக்கியின் அடித்தட்டுக்குக் கீழே அதை வைத்திருப்பார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போய், நள்ளிரவில் இறங்கி, சார்ஜ் போட வேண்டும் என்றால் பெட்டி, பை, பட்டாசு, பலகாரம் அத்தனையையும் வாசலில் இறக்கிய பிறகுதான் கேபிள் கைக்கு வரும். ஃப்ரங்க் இருந்தால் இந்தக் கூத்து இல்லை. மழையில் நனைந்த கேபிளையும் துணிமணியோடு போட வேண்டியதில்லை.

ஃப்ரங்க் இல்லாத காரில், பானெட்டைத் திறந்தால் காலி இடம் தெரிகிறதே என்று எதையும் செருகிவிடாதீர்கள். அங்கே தெரியும் ஆரஞ்சு நிற வயர்கள் உயர் அழுத்த மின்சாரம் போகிறவை. துணி, பாட்டில், கேன் எதுவும் அங்கே போகக் கூடாது. ஃப்ரங்க் இருந்தாலும் அதற்கு எடை வரம்பு உண்டு, மேனுவலில் இருக்கும்.

டிக்கி லிட்டர் கணக்கு இன்னொரு குழப்பம். வின்ட்ஸர் 604, எக்ஸ்.இ.வி 9இ 663, பி.இ 6 455, கிரெட்டா எலெக்ட்ரிக் 433, பஞ்ச் எலெக்ட்ரிக் 366, டியாகோ எலெக்ட்ரிக் 240. எம்.ஜி காமெட் மொத்தமே மூன்று மீட்டருக்கும் குறைவான நீளம். பின் சீட்டில் ஆள் உட்கார்ந்தால் டிக்கி என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. பொதுவாக, 20 செ.மீ நீளம், 10 செ.மீ அகலம், 5 செ.மீ உயரம் உள்ள கட்டைகளை அடுக்கித்தான் இந்த அளவை எடுப்பார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர். ஆனால் பலகை மட்டம் வரை அடுக்கினார்களா, கூரை வரை அடுக்கினார்களா என்பதைப் பொறுத்து எண் எகிறும். அதைக் கேட்காமல் இரண்டு கார்களை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. பல எலெக்ட்ரிக் கார்களில் ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் கிட் மட்டும்தான். ஸ்டெப்னி இல்லாததால்தான் டிக்கி பெரிதாகத் தெரிகிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

எங்களுக்கு லிட்டர் தேவைப்படவில்லை, வீல்சேர் இருந்தது. முதல் காரில் டிக்கியின் வாய் உயரம். சாதாரண ஸ்டீல் வீல்சேர் 15 கிலோவுக்குக் குறையாது. அதை இடுப்புக்கு மேல் தூக்கி, விளிம்பைத் தாண்டி, பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில், பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கும்போது, சித்தி தனி ஆளாக இதைச் செய்ய வேண்டும். இரண்டாவது காரில் மேல் பலகையைக் கழற்றினால் வீல்சேர் படுத்த வாக்கில் போனது, விளிம்பும் தாழ்வு. குடையை வழுக்கவிட்ட அதே கார்! எலெக்ட்ரிக் காரில் எல்லாம் நன்றாக இருக்கும் கார் என்று ஒன்று இருந்தால் எனக்கும் சொல்லுங்கள். சித்தி அந்தக் காரைத்தான் மனதில் வைத்திருக்கிறார். தட்டில் ஒட்டுகிற ரப்பர் விரிப்பு போட்டுக்கொள்ளலாம், டிக்கியின் விளிம்பை யாரால் வெட்ட முடியும் என்பது அவர் வாதம்.

டீ சிந்தினால்…

எலெக்ட்ரிக் கார் ஓட்டிப் பழகாதவர்களுக்கு ஒரு விஷயம். ஆக்ஸிலரேட்டரில் கால் வைத்ததும் மோட்டார் முழு பலத்தையும் கொடுத்துவிடும். காலை எடுத்ததும், பேட்டரிக்கு மின்சாரம் திரும்பப் போகிற ‘ரீஜென்’ முறையால் கார் தானாக வேகம் குறையும். அந்த அளவை உச்சத்தில் வைத்திருந்தால், மூடி இல்லாத கப்பில் இருக்கும் டீ முதலில் பின்பக்கம் எம்பும், அப்புறம் முன்பக்கம் எம்பும். பின் சீட்டில் இருக்கும் பெரியவர்களுக்குக் குமட்டுவதற்கும் இதே காரணம்தான். டயாலிசிஸ் முடிந்து சோர்ந்து வருகிறவருக்கு இது பெரும் அவஸ்தை. ரீஜென் அளவைக் குறைத்து வைத்து ஓட்டலாம். டெஸ்ட் டிரைவில் நீங்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் போதாது. வீட்டுப் பெரியவரைப் பின்னால் உட்காரவைத்து ஒரு சுற்று போங்கள்.

சர்க்கரை போட்ட டீ கன்சோலில் சிந்தினால் இரண்டு பேர் வருவார்கள். முதலில் எறும்பு. அடுத்து சர்வீஸ் சென்டர் பில். பட்டன்களும் கியர் சுவிட்சும் கப் ஹோல்டருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் திரவம் உள்ளே இறங்கினால் செலவு. இப்படி நாமே சிந்தியதற்கு வாரன்ட்டி பொதுவாகக் கைகொடுக்காது. கப் ஹோல்டரின் உள்ளே கழற்றிக் கழுவக்கூடிய ரப்பர் கிண்ணம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாதிக் கவலை விட்டது. போன் வைக்கும் வயர்லெஸ் சார்ஜர் தட்டில் சில்லறை, சாவி போட வேண்டாம். உலோகம் சூடாகும்.

‘கூல்டு க்ளவ் பாக்ஸ் இருக்கு, இன்சுலின் வைக்கலாம்’ என்று ஒரு விற்பனையாளர் சொன்னார். ஏ.சி ஓடும் வரைதான் அது குளிரும். காரை நிறுத்திப் பூட்டிவிட்டுப் போனால் மதிய வெயிலில் அதுவும் அடுப்பாகிவிடும். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வரை வேண்டும். கையோடு குளிர்ப் பையில் எடுத்துப் போவதுதான் சரி.

வெளியே வாங்கிப் பொருத்தும் சாமான்களில் கொஞ்சம் கவனம் தேவை. ஏ.சி வென்ட்டில் மாட்டும் கப் ஹோல்டரில் ஒரு லிட்டர் பாட்டிலை வைத்தால் வென்ட்டின் தகடு ஒடியும். சீட்டுக்கும் கன்சோலுக்கும் நடுவே செருகும் பெட்டி, பெல்ட் பூட்டும் இடத்தை மறைக்கக் கூடாது. சீட்டின் முதுகில் தொங்கவிடும் பல அறைப் பை நல்ல யோசனை, பின் சீட்டுக் குழந்தைகளுக்கு ரொம்ப வசதி. ஆனால் முன் சீட்டின் ஓரத்தில் ‘ஏர்பேக்’ என்று எழுதிய சின்னத் துணி லேபிள் இருந்தால், அந்தப் பக்கத்தை மூடுகிற கவரோ பையோ போடாதீர்கள். டேஷ்போர்டில் இடது பக்கம், முன் சீட்டுக்காரரின் எதிரே பிள்ளையார் வைக்க வேண்டாம். அந்தப் பலகையைப் பிய்த்துக்கொண்டுதான் ஏர்பேக் வெளியே வரும். நடுவில், ஸ்கிரீனை மறைக்காத உயரத்தில் குட்டிப் பிள்ளையாராக வைத்துக்கொள்ளுங்கள்.

(அடுத்த வாரம்: அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் சார்ஜிங் பாயின்ட் போட அசோசியேஷன் சம்மதிக்கவில்லையா?)